வெங்காயப் பந்தலில் ஒன்பது பேர்

செத்துப்போன ஒன்பது பெண்கள் எங்கள் ஊரில் வந்து இறங்கியது அசனப் பண்டிகைக்கு எட்டு நாள் இருக்கும்போது, காலை பதினொன்றே காலுக்கு வரும் அரசுப் பேருந்தில். அவர்களில் ஒருத்தி செத்து ஆயிரத்து அறுநூறு வருடம் ஆகியிருந்தது, ஒருத்தி செத்து நூற்று முப்பது வருடம், மற்றவர்கள் நடுவில் உள்ள காலங்களில் செத்தவர்கள், ஆனால் நடத்துநர் ஒவ்வொருத்திக்கும் மகளிர் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்திருந்தார், உயிரோடு இருந்தால்தான் சீட்டு என்று சட்டத்தில் எழுதவில்லையே என்று சொன்னாராம், அந்த எட்டு நாளில் ஒழுங்காக நடந்துகொண்ட ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான்.

அசனம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கிருபாசனபுரம் சபையில் வருடத்துக்கு ஒரு நாள் ஆராதனை முடிந்த கையோடு ஊர் மொத்தமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து கறிக்குழம்பும் சோறும் தின்பது அது. கர்த்தருக்கு நன்றி செலுத்தும் பண்டிகை என்று நோட்டீஸில் போடுவார்கள். அவர்கள் கோயிலுக்குள் நன்றி செலுத்துகிற நேரத்தில் நாங்கள் நாற்பது பெண்கள் கோயிலுக்குத் தெற்கே ஓலைப் பந்தலில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்போம், பூண்டு உரிப்போம், இஞ்சி இடிப்போம், பிறகு ஓடி ஓடிப் பரிமாறுவோம். பண்டிகைப் பிரசங்கம் என்ற ஒன்றை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. என்னைப் போல ஒருத்தி கேட்காததில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தப் பிரசங்கத்தை எழுதுகிறவளும் கேட்டதில்லை, அவளும் என் பக்கத்தில்தான் கத்தியோடு உட்கார்ந்திருப்பாள்.

அவள் பெயர் எப்சிபாய். சபையை நடத்துகிற உபதேசியார் அருமைநாயகத்தின் மனைவி. குரு என்று ஒருவர் மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவார், மற்றபடி ஞாயிறுதோறும் பேசுவது அருமைநாயகம்தான். அவருக்கு நல்ல உயரம், நல்ல குரல், வாரிவிட்ட நரைமுடி. அதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தேடினால் தேடுகிறவருக்குத்தான் களைப்பு. எப்சிபாய் எட்டாம் வகுப்பு பாதியில் நின்றவள். இருபத்தாறு வருடமாக வாரா வாரம் நாற்பது பக்க நோட்டில் பிரசங்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பாள், அவர் சனிக்கிழமை மத்தியானம் பனங்காட்டில் முன்னும் பின்னும் நடந்து மனப்பாடம் செய்வார், ஞாயிற்றுக்கிழமை ஆவியானவர் எனக்கு உணர்த்தினது என்று ஆரம்பிப்பார். ஊரில் எல்லாப் பெண்களுக்கும் இது தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்திருந்தோம்.

வந்தவர்கள் பேருந்தைவிட்டு இறங்கி, செம்மணலைக் கடந்து, நேராகக் கோயிலுக்குள் போய் ஆண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அங்கிருந்துதான் பிரசங்க பீடம் கிட்டத்தில் இருக்கிறது என்றார்கள். கமிட்டி அன்று சாயங்காலமே மணிக்கூண்டின் கீழ் கூடியது. செத்தவர்கள் எப்படி வந்தார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, அதைக் கேட்க அவர்களுக்கு நேரமில்லை, கமிட்டித் தலைவர் செல்லப்பழத்துக்கு அதைவிடப் பெரிய கேள்வி இருந்தது.

"வந்தது வந்தாச்சு. எந்தச் சபை?"

நெட்டையாக ஒரு கன்னியாஸ்திரீ இருந்தாள், விரல்களில் மை ஏறித் தோலோடு தோலாகியிருந்தது. அவள் தன் மடத்தின் பெயரைச் சொன்னாள்.

"ஆர்.சி.யா?" என்று செல்லப்பழம் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "ஓய், இதுல எத்தனை பேரு ஆர்.சி.?"

எண்ணிப் பார்த்தால் கத்தோலிக்கர் ஆறு பேர்.

"நான் இருந்த காலத்தில் இந்தப் பிரிவே வரவில்லை ஐயா. வேறு சபையில் சேர இடமே இல்லை," என்றாள் அவள்.

"அது ஒங்க வாதம். நாங்க ரெஜிஸ்டர்ல எப்படி எழுத? செத்தவங்கன்னா அனுசரிச்சுக்கலாம். ஆர்.சி.ன்னா மேலிடத்துல கேக்கணும்."

அவர்கள் பேசினது எந்த மொழி என்று யாரும் கவனிக்கவில்லை, எல்லாருக்கும் புரிந்தது, புரிந்ததில் ஒன்றும் உறைக்கவில்லை. பிறகு செல்லப்பழம் வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாக இருந்தவளிடம் திரும்பினார். அவள் எங்கள் பக்கத்துக்காரி, ஞானப்பூ, வெள்ளைக்காரத் துரைசானிகள் காலத்தில் ஊர் ஊராய் நடந்து வேதம் சொல்லிக் கொடுத்தவள். எங்கள் பாட்டுப் புத்தகத்தில் 'ஓர் உபதேசியார் இயற்றியது' என்று போட்டிருக்கிற பதினேழு கீர்த்தனையும் அவள் கட்டினது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டோம். அவளைப் பார்த்து அவர், "நீங்க யாரு வீட்டு ஆளு?" என்றார். எங்கள் ஊரில் சாதியைச் சாதி என்று சொல்லிக் கேட்க மாட்டார்கள், கிறிஸ்தவர்கள் அல்லவா, இப்படித்தான் கேட்பார்கள்.

ஞானப்பூ குடையை மடக்கினாள். "ஒன் பாட்டனுக்குப் பாட்டனுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவ. அவன் ஒழுங்கா 'அ' போட ஆறு மாசம் ஆச்சு. ஒன் மூக்கைப் பாத்தாலே தெரியுது."

செல்லப்பழம் அடுத்த தீர்மானத்துக்குப் போனார்.

எதற்கு வந்தீர்கள் என்று கடைசியாகத்தான் கேட்டார்கள். பாலைவனத்திலிருந்து வந்தவள் பதில் சொன்னாள். அவள்தான் ஆயிரத்து அறுநூறு வருடத்துக்காரி. காலில் செருப்பில்லை, தோளில் தொங்கிய பையில் உடைந்த பானைச் சில்லுகள், ஒவ்வொரு சில்லிலும் எழுத்து. தாளுக்கு வழியில்லாதவள் அதில்தான் எழுதினாளாம். "இங்கே எழுதுகிற ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டோம். அவள் எழுதினதை அவள் வாயால் கேட்டுவிட்டுப் போவோம்," என்றாள்.

"எழுதுதவளா? இங்கயா?" என்று கமிட்டிக்காரர் ஒருவர் சிரித்தார். "ரேஷன் கார்டுக்கு மனு எழுதிக் குடுக்கவளச் சொல்லுதாங்க போல."

அருமைநாயகமும் சேர்ந்து சிரித்தார். தண்ணீர் கொடுக்கப் போன நான் அதைப் பார்த்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அவர்தான்.

மூன்று சாயங்காலம் கூடிப் பேசியும் அவர்களை எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று முடிவாகவில்லை. நான்காம் நாள் மூன்று மூட்டை சின்ன வெங்காயம் லாரியில் வந்து இறங்கியது, உடனே முடிவாகிவிட்டது. ஒன்பது பேர், பதினெட்டுக் கை, சாப்பாடு கேட்பதில்லை, தூக்கம் கேட்பதில்லை. பந்தலுக்கு அனுப்புங்கள் என்றார் செல்லப்பழம். அந்த ஒன்பது பேரும் கடவுளைப் பற்றி எழுதினதையெல்லாம் அடுக்கினால் எங்கள் கோயில் கூரையை முட்டும், அவர்கள் கையில் ஆளுக்கொரு வெங்காயக் கத்தியைக் கொடுத்தது யார் தெரியுமா? நான்தான். பண்டிகைக்கு நேரமாகிறதே, மூன்று மூட்டையை யார் உரிப்பது என்ற கவலையில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நன்றாகவும் உரித்தார்கள். செத்த கண்ணில் தண்ணீர் வருவதில்லை. கமிட்டியார் வந்து பார்த்து, கண்ணீர் விடாமல் வேலை செய்கிற பெண்களை இப்போதுதான் பார்க்கிறோம் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த நாலு நாளும் பந்தலில் பேச்சுதான். நாங்களும் கேட்டோம், ஏனென்றால் காது சும்மாதானே இருந்தது.

"என்னிடம் வந்து கேட்டுப் போனவர்கள் நான் சொன்னதைப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள்," என்றாள் பாலைவனத்துக்காரி. "ஒரு மூப்பர் சொன்னார் என்று எழுதி வைத்தார்கள். எனக்கு எப்போது தாடி முளைத்தது?"

கன்னியாஸ்திரீ சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. அவளிடம் பாவ அறிக்கை கேட்கிற குருவானவர் எழுது என்றாராம், நானூறு ஏடு எழுதினாளாம். படித்துவிட்டு, பெண் இவ்வளவு யோசிப்பது ஆபத்து, எரித்துவிடு என்றாராம், எரித்தாளாம். இரண்டு வருடம் கழித்து வந்து, அதில் இருந்தது மறந்துவிட்டது, எனக்கு வேண்டியிருக்கிறது, மறுபடி எழுது என்றாராம்.

"எழுதுனீங்களாக்கும்?" என்றேன்.

"எழுதினேன். அவர் அதைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு பெரிய பதவிக்குப் போனார்."

"நீங்க சும்மா இருந்தீங்களா?"

"சும்மா இல்லை அம்மா. கீழ்ப்படிந்தேன். அதில் சும்மா இருப்பதைவிட வேலை அதிகம்."

எப்சிபாய் கேட்டுக்கொண்டே உரித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள்தான் வாய் திறந்தாள். "இத்தனை பேரும் எழுதினவங்க. ஒங்களுக்கே நடக்கல. எனக்கு மட்டும் என்ன நடக்கப்போவுதுன்னு வந்தீங்க?"

"எங்களில் ஒருத்திகூடத் தன்னுடையதைத் தானே சபை நடுவில் நின்று சொன்னதில்லை," என்றாள் கன்னியாஸ்திரீ. "அது எப்படி இருக்கும் என்று ஒரு தடவை கேட்க வேண்டும். உன்னால் முடியாவிட்டால் சொல்லிவிடு, பேருந்து இருக்கிறது."

அன்று சாமான் தேய்க்கும்போது எப்சிபாய் என்னிடம் சொன்னாள். "மயினி, ஞாயித்துக்கெழம பேராயர் வாராரு. பிரசங்கத்தைக் கேட்டுட்டு எங்க வீட்டுக்காரவுகளுக்குக் குருப்பட்டம் குடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணப் போறாரு. இவுகளுக்கு அம்பத்தெட்டு வயசு. பட்டம் கெடச்சா குருவுக்குன்னு உள்ள வீடு, குருமனை, கெடைக்கும். கெடைக்கலேன்னா ரெண்டு வருசத்துல உபதேசியார் வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்க. எங்களுக்குன்னு ஒரு ஓலைக் குடிசைகூடக் கெடையாது."

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். இத்தன வருசத்துல இப்படி ஒண்ணு வந்ததில்ல மயினி. இத அவுக வாயில கேக்க எனக்கு மனசு வரல."

வீடா, அந்த நோட்டா என்று அவள் இத்தனை நாளாக மனதுக்குள் அடித்துக்கொண்டிருந்தது இதுதான். நான் என்ன சொன்னேன்? வீட்டைப் பார் என்று சொன்னேன். புத்தியுள்ளவள் சொல்லக்கூடியதுதான்.

சனிக்கிழமை மத்தியானம் அருமைநாயகம் பந்தலுக்கு வந்தார். நோட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டேதான் வந்தார்.

"ஏட்டி எப்சி, நோட்டு எங்க? அரிசிப் பானைக்குள்ளகூடப் பாத்துட்டேன்."

"எங்கிட்டதான் இருக்கு."

"குடு. நேரமாவுது, ஏழு பக்கமாவது மனசுல ஏறணும்."

"தரல. நாளைக்கு நானே சொல்லுதேன்."

அவர் சிரித்தார், கூடச் சிரிக்க ஆள் இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தார். "நீ சொல்லுதியா? பிரசங்க பீடத்துல ஏறியா? சேலையக் கட்டிக்கிட்டு?"

"ஒம்ம அங்கி மட்டும் என்னவாம் உபதேசியாரே," என்றாள் ஞானப்பூ, கையிலிருந்த வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுவும் கணுக்கால் வரைக்கும் தொங்குததுதான்."

நாற்பது பெண்களும் சிரித்துவிட்டோம். அவருக்கு முகம் கறுத்தது. "எட்டாங் கிளாஸ் முடிக்காதவ பேராயர் முன்னால பேசப் போறாளாம்!"

"அந்த எட்டாங் கிளாஸுதான் இருவத்தாறு வருசமா ஒங்கள அங்க ஏத்தி நிறுத்திருக்கு," என்றாள் எப்சிபாய். இவ்வளவு நீளமாக அவரிடம் அவள் பேசி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அவர் அழுதார். பந்தலின் நடுவில், தோல் குவியலுக்குப் பக்கத்தில், அந்த உயரமான மனிதர் தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு, இந்த ஒரு தடவை எப்சி, இந்த ஒரே ஒரு தடவை என்று அழுதார், எங்கள் நாற்பது பேருடைய மனசும் அப்படியே இளகிப்போனது, எத்தனை பெண்கள் எத்தனை வீட்டில் அழுதாலும் இளகாத மனசு, ஒரு ஆண்பிள்ளை மூக்கை உறிஞ்சினதும் இளகியது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான்தான் முதலில் சொன்னேன்: "குடுத்துரு எப்சி, பாவம்லா." செத்த பெண்கள் ஒன்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். திட்டவில்லை. பார்த்துவிட்டு மறுபடி உரிக்க ஆரம்பித்தார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எப்சிபாய் கொடுக்கவில்லை.

விஷயம் கமிட்டிக்குப் போனது. செல்லப்பழம் வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். பெண்கள் பிரசங்கம் செய்வதென்றால் மேலிடத்தில் எழுதிக் கேட்க வேண்டும், சாட்சி சொல்வதென்றால் தடை இல்லை. பேராயர் ஆசீர்வாதம் கூறின பிறகு, மைக் இல்லாமல், மூன்று நிமிடம். "காய்ச்சல் சொகமாச்சு, மகனுக்கு வேல கெடச்சுது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம், அந்த மாதிரி ஏதாவது சொல்லிக்கோ தாயி. ஒன் ஆசையும் தீந்திரும்."

எப்சிபாய் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். அவள் பேசாததைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு போனார்கள், எப்போதும் அப்படித்தான் எழுதுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து, மணி அடித்து, பேராயர் கார் வந்து, மாலை போட்டு, பவனி போய், எல்லாம் நடந்தது. எப்சிபாய் வழக்கம்போல என் பக்கத்தில் கத்தியோடு வந்து உட்கார்ந்தாள். கடைசியில் நோட்டைக் கொடுத்துவிட்டாள் போல என்று நினைத்தேன், எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பனை மரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியில் பாட்டு வந்தது, ஜெபம் வந்தது, பாட்டு வந்தது. பிறகு அருமைநாயகத்தின் குரல், "கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே" என்றது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. உலையில் சோறு கொதிக்கிற சத்தம் கேட்டது. மறுபடி "பிரியமானவர்களே" என்றது.

எப்சிபாய் கத்தியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்து, இடுப்பில் செருகியிருந்த நோட்டை எடுத்து எழுந்து நின்றாள்.

"நம்ம ஆண்டவர் ஒரே ஒரு தடவதான் எழுதுனாரு," என்று ஆரம்பித்தாள். "கல்லெறியணும்னு ஒரு பொம்பளைய ஆம்பளைங்க இழுத்துட்டு வந்து நிறுத்துன அன்னைக்கு, குனிஞ்சு விரலால மண்ணுல எழுதுனாரு. கல்லு வச்சிருந்தவன் ஒவ்வொருத்தனா கல்லக் கீழ போட்டுட்டுப் போயிட்டான். போனவன் ஒருத்தனும் குனிஞ்சு என்ன எழுதியிருக்குன்னு பாக்கல. கடேசியில அங்க நின்னது அவ மட்டுந்தான். அப்போ அவர் எழுதினத வாசிச்சது யாரு? அவதான. இத்தன வருசமா அவர் என்ன எழுதியிருப்பாருன்னு பெரிய பெரிய ஆளுங்க புத்தகம் போடுதாங்க. அவகிட்ட ஒருத்தன், ஒரே ஒருத்தன், என்னம்மா எழுதியிருந்துதுன்னு கேட்டிருக்கானா?"

இஞ்சி இடித்துக்கொண்டிருந்த கனகமணி உலக்கையை நிறுத்திவிட்டு, "அவளுக்குப் படிக்கத் தெரியாட்டா என்ன செய்யக்கா?" என்றாள்.

"தெரியாட்டா என்னட்டி? பாத்திருப்பால்லா. கண்ணுல வச்சுக்கிட்டுப் போயிருப்பா. வீட்டுக்குப் போயி அடுப்புச் சாம்பல்ல விரலால போட்டுப் பாத்திருப்பா. காலையில சாம்பல வழிச்சு எறிஞ்சிருப்பா. நாம எல்லாரும் அந்தச் சாம்பலத்தான் தெனமும் வழிச்சு எறியுதோம். அவர் யாருக்கு எழுதுனாரோ அவகிட்டதான் அது இருந்துது. அவகிட்ட மட்டுந்தான் இருந்துது."

ஒன்பது கத்தியும் நின்றிருந்தது. பாலைவனத்துக்காரி பையிலிருந்த சில்லுகளை மடியில் கொட்டி வைத்துக்கொண்டு கேட்டாள். அதற்கு மேல் எப்சிபாய் சொன்னதையெல்லாம் எழுத என் படிப்பு போதாது, ஒரு கதவைத் திறந்தால் அதற்குள் இன்னொரு கதவு என்று போய்க்கொண்டே இருந்தது, நாற்பது பெண்களில் ஒருத்தி எழுந்து அடுப்பை அணைத்தாள், ஒருத்தி அழுகிற பிள்ளைக்கு மாரைக் கொடுத்துக்கொண்டே கேட்டாள், இந்த மனுஷியை இருபத்தாறு வருடம் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெங்காயத்தை இன்னும் பொடியாக அரி என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

கோயிலுக்குள் என்ன நடந்தது என்று பிறகு சொன்னார்கள். அருமைநாயகம் மூன்று தடவை பிரியமானவர்களே என்று கூப்பிட்டுவிட்டு, கர்த்தர் நல்லவர் என்றார், கர்த்தர் மிகவும் நல்லவர் என்றார், பதினான்கு சரணம் உள்ள ஒரு கீர்த்தனையைப் பாடச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். பேராயர் ஆசீர்வாதம் கூறினார். ஆண்கள் வெளியே வந்து கைகழுவி, இன்றைக்குப் பிரசங்கம் சுருக்கமாக நல்லா இருந்தது, ஆழமாகவும் இருந்தது என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தார்கள். இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று. பரிமாற ஒருத்தியும் வரவில்லை.

முதலில் செல்லப்பழம் வந்தார். "என்ன நடக்கு இங்க? மூணு நிமிசம்னுதான சொன்னேன்?"

நான் சோற்றுக் கரண்டியோடு வாசலில் போய் நின்றேன். "சாட்சி சொல்லுதா அண்ணாச்சி. மைக் இல்லாமத்தான் சொல்லுதா. போய் இலையில உக்காருங்க." கரண்டி பெரியது, போய்விட்டார்.

பிறகு அருமைநாயகம் ஓடி வந்தார். என்னைத் தாண்டி உள்ளே வர அவருக்குத் தைரியமில்லை, வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார், முகமெல்லாம் வியர்வையும் சிரிப்பும்.

"எப்சி! பட்டம் உறுதியாயிட்டுட்டி! சுருக்கமாப் பேசத் தெரிஞ்ச ஆளுதான் இந்தக் காலத்துக்கு வேணும்னு பேராயரே வாயால சொல்லிட்டாரு. குருமனை நமக்குத்தான்! வா, வந்து சோறு போடு, அவரு இலை முன்னால உக்காந்திருக்காரு."

எப்சிபாய் நோட்டில் விரலை வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தாறு வருடம், வாரத்துக்கு ஒரு நோட்டு என்று அவள் மனதில் எண்ணிப் பார்த்திருப்பாள், நான் எண்ணிப் பார்த்தேன்.

"அப்போ இது இல்லாமலே கெடச்சிருக்கு," என்றாள்.

"ஆமாட்டி! எல்லாம் கர்த்தருடைய கிருபை!"

"நல்லதாப் போச்சு. அப்போ இது முழுக்க என்னுது."

அடுத்த பக்கத்தைத் திருப்பி, விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். வெளியே பேராயர் இலையில் தெளித்திருந்த தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது.